வெளிநாட்டு வேலை விளம்பரங்களில் பதிவு எண் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இதழின் வரி விளம்பரப் பக்கத்தில் ‘சிங்கப்பூர், துபாய், லண்டன் வேலைக்கு உடனடியாக ஆட்கள் தேவை’ என்ற ரகத்தில் வரிசையாக விளம்பரங்கள் வந்திருந்தன. சம்பளம் இருக்கிறது, வாட்ஸ்அப் எண் இருக்கிறது. ஆள் எடுக்கும் கம்பெனியின் பெயர் இல்லை, ஏஜென்ட்டின் பதிவு எண்ணும் இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. பெயர் மாற்ற விளம்பரத்துக்கே சான்று கேட்கும் காலத்தில் இதற்கு மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை?

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நெய்வேலி, சிப்காட் என்று கான்ட்ராக்ட் வேலை பார்த்துச் சலித்து வெளிநாடு கிளம்பும் பையன்கள் இன்றும் காகிதத்தோடு வீட்டுக்கு வருவார்கள். அண்மையில் கடலூர் முதுநகர்ப் பையன் ஒருவன் கொண்டுவந்த ‘ஆஃபர் லெட்டர்’ கலர் ஜெராக்ஸ். மேலே ஒரு கப்பல் கட்டும் கம்பெனியின் சின்னம், கீழே முத்திரை. கையெழுத்துப் போட்டவர் யார் என்று பெயர் இல்லை. மின்னஞ்சல் முகவரி ஜிமெயில். அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம் என்று பிரிக்காமல் மொத்தமாக ஒரே தொகை. விசா பற்றிக் கேட்டால், “டூரிஸ்ட்ல போய் இறங்கிட்டு மாத்திக்கலாம்னாங்க சார்” என்கிறான். முன்பணம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. திரும்பக் கேட்டால் ‘ப்ராசஸிங் சார்ஜ்’ ஆகிவிட்டதாம். அவன் அந்த ஏஜென்ட்டைப் பிடித்தது ஒரு பத்திரிகை விளம்பரத்தில். எந்தப் பத்திரிகை என்று நான் கேட்கவில்லை.

ஸ்பான்சர்ஷிப் என்றால் ஏஜென்ட் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் பேப்பர் என்றே இங்கே பலரும் நினைக்கிறார்கள். இந்த ஆளை இந்த வேலைக்கு, இந்தச் சம்பளத்துக்கு எடுக்கிறேன் என்று முதலாளி தன் நாட்டு அரசிடம் பொறுப்பேற்பதுதான் அது. சிங்கப்பூர் வேலை பெர்மிட்டுக்காக அந்நாட்டு அரசுக்கு மாதாமாதம் கட்டும் லெவி என்ற தீர்வையைக்கூட முதலாளி தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. கிளம்பும் முன்பே ஐ.பி.ஏ. என்ற, சிங்கப்பூர் அரசின் முன் அனுமதிக் கடிதம் தொழிலாளியின் கைக்கு, அவருக்குப் புரியும் மொழியிலும் வந்து சேர வேண்டும். அடிப்படைச் சம்பளம், படி, பிடித்தம் எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கும். அது வராமல் டிக்கெட் போடுவது கிணற்றில் காசு போடுவதுதான்.

வளைகுடா ‘ஃப்ரீ விசா’ இன்னும் மோசம். காகிதத்தில் கஃபீல், அதாவது ஸ்பான்சர், ஒருவர்; வேலை வேறு யாரிடமோ. ஓடிப்போய்விட்டான் என்று கஃபீல் எழுதிக்கொடுத்தால் போதும், ஆள் சட்டவிரோதமாகத் தங்கியவனாகிவிடுவான்.

லண்டன் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 முதல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் பக்கத்தில் ‘லண்டன் கேர் ஹோம்’ இன்னும் வந்துகொண்டிருக்கிறது! ஸ்பான்சர் உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை அந்நாட்டு அரசே இணையத்தில் வைத்திருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நிறுவனத்தின் உரிமம் பறிபோனால், நம்பிப் போனவர் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேடியாக வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் குடும்பத்தோடு போனவர் அந்த 60 நாளில் என்ன செய்வார்?

பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர்., அதாவது குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் வகை. வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். இதைத் தொல்லை என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ, நம் பக்கத்து அதிகாரி ஒருவர் ஒப்பந்தத்தைப் பார்க்கும் இடம் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. பத்தாவது தேறிய ஐ.டி.ஐ. பையனுக்கு அதுவும் இல்லை. சிங்கப்பூர் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஆகவே அவனுக்குக் கையில் மிஞ்சுவது பதிவு எண்தான். வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் பார்த்தால் ஏஜென்ட்டின் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன் மேல் ஜி.எஸ்.டி. மட்டும். இங்கே கேட்பது லட்சங்களில், ரசீது கேட்டால் முறைப்பு.

எனவே பதிவு எண் தராத வெளிநாட்டு வேலை விளம்பரத்தை வாங்கவே வேண்டாம் என்று உங்கள் விளம்பரப் பிரிவுக்குச் சொல்லுங்கள். தருகிறவர்களின் எண்ணையும் படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. அதன் வேலை அறிவிப்புகள் எங்கள் கடலூர்ப் பையன்கள் கண்ணில் படுவதே அபூர்வம். விளம்பரம் குறைந்து பக்கத்தில் இடம் காலியானால், அங்கே அவற்றைப் போடலாமே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஐ.டி.ஐ. பயிற்றுநர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.