லிங்கன் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம். அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்சது பத்தி ஞாயித்துக்கிழமை வந்த கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா முழுக்க லிங்கன் பேரு தான், தாடியஸ் ஸ்டீவன்ஸ் பத்தி ஒரு வரி கூட இல்ல. அந்த மனுஷன் பென்சில்வேனியாவுல வக்கீல். 1821-ல ஒரு அடிமை முதலாளிக்காக வாதாடி ஜெயிச்சாரு, விடுதலை கேட்டு வந்த அம்மாவும் குழந்தைங்களும் திரும்ப அடிமையாவே போனாங்க, இதையும் மறைக்கக் கூடாது. ஆனா பின்னாடி தப்பிச்சு வந்த அடிமைகளுக்காக காசு வாங்காம கேஸ் நடத்துனாரு, 1835-ல இலவசப் பள்ளிச் சட்டத்த ரத்து பண்ணப் பார்த்தப்போ மாநில சபையில பேசியே அத காப்பாத்துனாரு, அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல, அடிமை முறைய ஒழிச்ச 13-வது சட்டத்திருத்தத்துக்கும், விடுதலையானவங்களுக்கு குடியுரிமை குடுத்த 14-வது திருத்தத்துக்கும் முன்னால நின்னு போராடுனாரு. விடுதலையானவங்களுக்கு ஆளுக்கு 40 ஏக்கர் நிலம் குடுக்கணும்னு கேட்டாரு, சபை ஒத்துக்கல, எனக்கு இன்னைக்கும் ஆறாத விஷயம் இது தான். 1868-ல இறந்தப்போ கூட எல்லா இனத்தவரையும் ஏத்துக்குற ஒரு சின்ன கல்லறைத் தோட்டத்துல தான் அவர புதைச்சாங்க, அது அவரே தேர்ந்தெடுத்த இடம்.

நான் பள்ளிக்கூடத்துல வரலாறு எடுக்குறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிஞ்சதும் என்ன ஆச்சுன்னு கேட்டா பிள்ளைங்க லிங்கன் சுடப்பட்டதோட நிறுத்திடுறாங்க, இந்தச் சட்டத்திருத்தங்க எப்படி வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல. அதனால 1865-க்கு அப்புறம், பிரிஞ்சு போன தென் மாநிலங்கள திரும்ப நாட்டோட சேர்த்த சீரமைப்புக் காலத்தப் பத்தி, ஸ்டீவன்ஸ்ல ஆரம்பிச்சு, மாணவர் பக்கத்துல ஒரு சின்ன தொடர் போடுங்க.