கிரேஷன் மொன்கரின் முதல் ஆல்பம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனமான 'புளூ நோட்'டின் 1960களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். டிராம்போன் என்னும் பித்தளை ஊதுகருவியின் கலைஞர் மூன்றாம் கிரேஷன் மொன்கர் அந்நிறுவனத்துக்காகத் தம் பெயரில் வாசித்த முதல் ஆல்பமான 'எவல்யூஷன்', உண்மையில் சாக்ஸபோன் கலைஞர் ஜாக்கி மெக்லீனின் இசைத்தட்டுதான் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் ஒதுக்கியிருப்பது சரியன்று.

1963 நவம்பர் 21 அன்று ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் நியூ ஜெர்சி ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடியவர்களுள் மெக்லீன், வைபிரபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசித்த பாபி ஹட்சர்சன், 18 வயதுகூட நிரம்பாத டிரம்ஸ் கலைஞர் டோனி வில்லியம்ஸ் ஆகியோர், அதே ஆண்டு ஏப்ரலில் மெக்லீனின் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' ஆல்பத்தில் மொன்கருடன் வாசித்தவர்கள்தாம். கட்டுரையாளரின் எண்ணம் அதிலிருந்து எழுந்திருக்கலாம். ஆனால் 'ஒன் ஸ்டெப் பியாண்ட்' ஆல்பத்தின் நான்கு உருப்படிகளில் இரண்டும், செப்டம்பரில் பதிவான மெக்லீனின் 'டெஸ்டினேஷன் அவுட்' ஆல்பத்தின் நான்கில் மூன்றும் மொன்கர் இயற்றியவை. 'எவல்யூஷன்' ஆல்பத்தில் நான்குமே அவருடையவை. யார் வழியில் யார் போனார்கள் என்று இதைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே!

12 நிமிடங்களுக்கு மேல் நீளும் 'எவல்யூஷன்' என்ற தலைப்பு உருப்படியில் ஊதுகருவிகள் சுரங்களை நீளப் பிடித்து நிற்க, அவற்றின் மேல்தான் ஒவ்வொருவரும் தனித்து வாசிக்கிறார்கள். பியானோ கிடையாது. வால்வு இல்லாத டிராம்போனில் குழலை இழுத்தும் தள்ளியும் வேகமான சுரவரிசைகளைத் தெளிவாகக் கொண்டுவருவது கடினம், முந்தைய டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சன் அதைச் சாதித்துப் பெயர் பெற்றார். மொன்கர் அந்தப் போட்டிக்கே போகவில்லை. சில சுரங்களை வாசித்துச் சற்று நிறுத்துகிறார், பிறகு அவற்றையே வேறு இடத்திலிருந்து தொடுகிறார். அந்த நிதானம் மற்றவர்களையும் கட்டுப்படுத்துகிறது. டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கன்கூடத் தம் வழக்கமான துள்ளலை அடக்கிக்கொள்கிறார்; சரியாக ஒரு மாதம் கழித்து துள்ளலான 'தி சைட்வைண்டர்' ஆல்பத்தைப் பதிவு செய்தவர் இவர்தானா என்று வியப்பாக இருக்கிறது. ('எவல்யூஷன்' ஆல்பத்தின் இன்னோர் உருப்படியான 'தி கோஸ்டர்' மட்டும் அக்காலத்து வழக்கமான உருப்படிதான் என்பது என் கருத்து.)

கட்டுரையாளர் மொன்கரின் அடுத்த ஆல்பமான 'சம் அதர் ஸ்டஃப்' பற்றிக் குறிப்பிடவே இல்லை. 1964 ஜூலையில் பதிவான அதில் மெக்லீனும் இல்லை, ஹட்சர்சனும் இல்லை. சாக்ஸபோனில் வேய்ன் ஷார்ட்டரும் பியானோவில் ஹெர்பி ஹான்காக்கும் வாசிக்கிறார்கள். ஆயினும் அதன் முதல் உருப்படியான 'நாஸ்டிக்'கில், 'எவல்யூஷன்' ஆல்பத்தில் கேட்ட அதே நிதானம் மாறாமல் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்