2024-25 ஆண்டறிக்கை: ரேஸ் கோர்ஸ் கண்காட்சியும் மத்ததும்

எல்லாருக்கும் வணக்கம். அறிக்கை லேட்டாயிடுச்சு, முதல்லயே மன்னிச்சுக்கோங்க. மார்ச் கணக்கை முடிச்சு ஏப்ரல்லயே குடுத்திருக்கணும், ஆனா சீசன் ஆரம்பிச்சுட்டா ஊட்டிக்காரனுக்கு ஏது நேரம், வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு போட் ஹவுஸ் காட்டி வர்க்கி வாங்கிக் குடுத்து பஸ் ஏத்தி விடறதுக்குள்ள ரெண்டு மாசம் ஓடிடுது.

மாசாந்திரக் கூட்டம் ஒன்பது நடந்துச்சு, மூணு மாசம் மழையால நடக்கல. வரவு செலவை பொருளாளர் தனியா வாசிப்பார்.

இந்த வருஷம் நாம உருப்படியா பண்ணது ஒண்ணே ஒண்ணுதான், நவம்பர்ல நடத்துன அந்தக் கண்காட்சி. அதுக்கு காரணம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2024 ஜூன்ல, ரேஸ் நடத்திட்டு வந்த கிளப் வெச்ச குத்தகை பாக்கி 822 கோடின்னு சொல்லி வருவாய்த்துறை நம்ம ஊட்டி குதிரைப் பந்தய மைதானத்தை, அதான் ரேஸ் கோர்ஸை, எடுத்துக்கிட்டாங்க, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயே 52 ஏக்கர், அங்க பார்க் வரணும்னு ஒரு குரூப், குதிரைதான் ஓடணும்னு இன்னொரு குரூப், நம்ம கூட்டத்துலயே டீ ஆறிப்போற அளவுக்கு சண்டை. அதுல சங்கத்துக்கு ஒரு கருத்தும் கிடையாதுன்னு தீர்மானம் போட்டாச்சு, அதை மறுபடி கிளறாதீங்க. எடுத்தது சரியா தப்பாங்கறதை விட்டுட்டு, 1900லிருந்து 1920 வரைக்கும் இந்த மாதிரி மலையூர்ல ஒரு ரேஸ் மீட்டிங்கை, அதாவது பல ஓட்டம் சேர்ந்த குதிரைப் பந்தய விழாவை, எப்படித்தான் நடத்துனாங்க, அதைக் காட்டலாம்னு முடிவாச்சு.

படிக்கப் படிக்கத்தான் தெரியுது, அது கல்யாணம் நடத்துறதை விட பெரிய வேலை. ரேஸ்னா கவர்னர் வந்தார் கப் குடுத்தார்னுதான் நாம நினைச்சுட்டு இருக்கோம். முதல் தலைவலி குதிரையை மேல கொண்டு வர்றது. மலை ரயில் 1899ல குன்னூர் வரைக்கும்தான் வந்துச்சு, ஊட்டிக்கு வந்தது 1908ல. ஏறி வந்தாலும் உடனே ஓட விட முடியாது, ஏழாயிரம் அடிக்கு மேல நமக்கே மூச்சு வாங்குது, கீழ ஓடிப் பழகின குதிரைக்கு இந்தக் காத்து பழகவே கொஞ்ச நாள் ஆகும், அதுவரைக்கும் லாயம், தீவனம், ஆளு எல்லாம் வேணும்.

அடுத்தது பேப்பர் வேலை. ரேஸுக்கு பல வாரம் முன்னாடியே எந்த நாள், எத்தனை ஓட்டம், எவ்வளவு தூரம், என்ன பரிசுன்னு அச்சடிச்சு விட்டாகணும், பேர் குடுக்க கடைசி தேதி வைக்கணும், பேர் குடுத்துட்டு பின்வாங்கினா கட்டின பணம் போச்சு. சின்ன ஊர்தானே நம்ம இஷ்டத்துக்கு நடத்திக்கலாம்னா அதுவும் முடியாது, பெரிய டர்ஃப் கிளப், அதாவது பெரிய ஊர் குதிரைப் பந்தய கிளப், ஒத்துக்கிட்ட ரூல்ஸ் படி நடத்தாத ரேஸ்ல ஓடின குதிரையை அப்புறம் பெரிய ஊர் மைதானத்துல சேர்க்க மாட்டாங்க, சவாரி பண்ணவனுக்கும் அதே கதி, அதனால ரூல்ஸை விட்டா மீட்டிங்குக்கு குதிரையே வராது. ரூல்ஸ் படி நடக்குதான்னு பார்க்குற ஸ்டீவர்டு, ஓட்டத்தை ஆரம்பிச்சு விடற ஸ்டார்ட்டர், யார் ஜெயிச்சான்னு சொல்ற ஜட்ஜ், எடை பார்க்குறவர்னு இத்தனை பேரை அந்தச் சின்ன ஊர்லயே தேடிப் பிடிக்கணும், பாதிப் பேர் பட்டாள ஆபீசருங்க, அதுல சில பேர் தாங்களே குதிரை ஏறி ஓட்டவும் செய்வாங்க. ஒரே வட்டத்துக்குள்ள இருந்துதான் ஓடுறவனும் தீர்ப்பு சொல்றவனும் வரணும், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, நம்ம சங்கத் தேர்தல் மாதிரியே இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது உயரம் அளக்குற விஷயம். அப்ப சின்ன ஊர்ல பெரிய ரேஸ் குதிரை எல்லாம் கொஞ்சம்தான், அரபுக் குதிரையும் மட்டக் குதிரையும்தான் (போனி) நிறைய, கூட ஆஸ்திரேலியாவுல இருந்து கப்பல்ல வர்ற வேலர்ங்கற குதிரை. நியூ சவுத் வேல்ஸ்ல இருந்து வந்ததால அந்தப் பேரு. மட்டக் குதிரைன்னு கணக்குல வரணும்னா 14 கை 2 அங்குலத்தை தாண்டக் கூடாது, ஒரு கைங்கறது 4 அங்குலம். சில ஓட்டத்துல உயரம் கூடக் கூட தூக்குற எடையும் கூடும். அப்புறம் சும்மா இருப்பாங்களா, அளக்குறதுக்கு முன்னாடி குளம்பை சீவி விடறது, ஓட விட்டு களைப்பாக்கறது, தோளைத் தொட்டாலே குனியற மாதிரி பழக்கறதுன்னு எல்லா வித்தையும் நடந்திருக்கு.

அதை நேர்ல காட்டலாம்னு ஏரிக்கரையில டூரிஸ்ட் சவாரிக்கு விடற ஒரு குதிரையை நம்ம இணைச்செயலாளர் கூட்டிட்டு வந்தார். கழுத்து முடி முடிஞ்சு முதுகு ஆரம்பிக்குற மேடு வரைக்கும் அளக்கணும், தலையை கணக்குல எடுக்கக் கூடாது. முதல் தடவை 13 கை 1 அங்குலம், ரெண்டாவது தடவை அது காலை அகட்டி நின்னுச்சு, 13 கைதான் வந்துச்சு, மூணாவது தடவை பக்கத்துல ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டை பிரிச்ச சத்தத்துல நிமிர்ந்துச்சு பாருங்க, 13 கை 2. ஒரே குதிரை, ஒரே அளவுகோல், அஞ்சே நிமிஷம். அந்தக் காலத்துல இதுக்கு ஏன் அத்தனை தகராறுன்னு வந்திருந்த எல்லாருக்கும் நான் ஒரு வார்த்தை பேசாமயே புரிஞ்சுடுச்சு.

எடை பார்க்குறதுக்கு மார்க்கெட் அரிசிக் கடையில இருந்து பிளாட்பார்ம் தராசு வாங்கிட்டு வந்தோம். ஒரு ஸ்டோன்னா 14 பவுண்டு. நம்ம மெம்பர் பையன் ஒருத்தன் 62 கிலோ, கிட்டத்தட்ட 9 ஸ்டோன் 10 பவுண்டு, குதிரை மொத்தம் 10 ஸ்டோன் 7 பவுண்டு சுமக்கணும்னு போட்டிருந்தா மீதி 11 பவுண்டை சேணத்தோடயும் ஈயத்தோடயும் சேர்த்து சரி பண்ணணும், ஓடி முடிச்சதும் சேணத்தை கையில தூக்கிட்டு வந்து மறுபடி தராசுல ஏறணும், குறைஞ்சா ஜெயிச்சதும் போச்சு. ஈயத்துக்குப் பதிலா நாங்க மணல் பை வெச்சோம், அதுல ஒண்ணு கிழிஞ்சு தரை பூரா மணல்.

காசு விஷயத்தையும் மறைக்கல. சந்தா, நுழைவுக் கட்டணம் போக பெரிய வரும்படி லாட்டரிதான், ரேஸுக்கு முந்தின நாள் ராத்திரி கிளப்புல சீட்டு வித்து, எந்தக் குதிரை யாருக்குன்னு குலுக்கி எடுத்து, அப்புறம் அந்தக் குதிரை பேர்ல விழுந்த சீட்டை ஏலம் விட்டு, ஏலப் பணத்தையும் அதே பரிசுப் பணத்தோட சேர்த்து, கிளப் தன் பங்கை எடுத்துக்கும். சூதாட்டத்துக்கு எதுக்கு விழான்னு பொதுக்குழுவுல ஒருத்தர் கேட்டார், நியாயமான கேள்விதான். 1974லயே நம்ம மாநிலம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க சட்டம் போட்டுச்சு, அது கோர்ட்டுக்குப் போய் 1996ல சுப்ரீம் கோர்ட் இது திறமை விளையாட்டுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, ரெண்டையும் போர்டுல பக்கத்துல பக்கத்துல எழுதி வெச்சோம். அவர் அப்பவும் சமாதானம் ஆகல, அதையும் பதிவு பண்றேன்.

ஹால் பத்தி சொல்லியே ஆகணும். ரெண்டு மாசம் முன்னாடியே அட்வான்ஸ் குடுத்த இடத்துல மூணு நாள் இருக்கும்போது ரிசப்ஷன் இருக்குன்னு கையை விரிச்சுட்டாங்க. பேர் வேண்டாம். கடைசியில நம்ம உறுப்பினர் ஒருத்தரோட காலி குடோன்ல நடத்துனோம், கூரை ஒழுகி நாலு படம் நனைஞ்சுடுச்சு.

அந்த குடோன்ல வெச்சதும் ஒரு வகையில நல்லதாப் போச்சு, விறகு அடுப்பு பத்த வைக்க முடிஞ்சுது. காந்தல்ல இருந்து வர்ற நம்ம மூத்த உறுப்பினரோட யோசனை அது, ஒரு பானை கொள்ளு வேக வெச்சு வைங்கடா, அது இல்லாம என்ன குதிரைக் கண்காட்சின்னார். மதராஸ் பக்கம் குதிரைக்கு தீவனம்னா வேக வெச்ச கொள்ளுதான். ஒரு குதிரைக்கு ஒரு குதிரைக்காரர், புல்லு வெட்டிட்டு வர இன்னொரு ஆளு, பெரும்பாலும் அவர் பொண்டாட்டிதான். நம்ம மூத்த உறுப்பினரோட பாட்டியும் புல்லுக்காரிதானாம், விடியறதுக்கு முன்னாடி பனியில அருவாளோட போய் தலைச்சுமையா கொண்டு வருவாங்களாம், பனிப்புல்லை அப்படியே போட்டா குதிரைக்கு வயிறு வலிக்கும்னு வெயில்ல உலத்திட்டுதான் போடுவாங்களாம். இதெல்லாம் சொல்லிட்டே வந்தவர் ஒரு படத்துக்கு முன்னாடி நின்னுட்டார். கீழ குதிரை பேர், சொந்தக்கார துரை பேர், ஓட்டினவர் பேர் எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. கடிவாளத்தைப் பிடிச்சுட்டு நிக்கறவரை காட்டி, இது யார்னு போடலையேப்பான்னார். அன்னைக்கு சாயங்காலமே குதிரைக்காரர் நிக்கற எல்லா படத்துக்கும் கீழ ஒரு சீட்டு ஒட்டினோம், "குதிரைக்காரர், பேர் எழுதப்படலை"ன்னு. மொத்தம் பதினேழு சீட்டு.

கொள்ளு ரெண்டாம் நாள் மதியத்துக்குள்ள காலி. குதிரை சாப்பிட்டது கொஞ்சம், நம்ம மகளிர் அணி உப்பு மிளகாய் போட்டு தாளிச்சது மீதி.

அடுத்த வருஷத்துக்கு ரெண்டு வேலை பாக்கி. பழைய குதிரைக்காரர் குடும்பங்கள் காந்தல்லயும் பிங்கர் போஸ்ட் பக்கமும் யாராவது இருந்தா அவங்க சொல்றதை ரெக்கார்ட் பண்ணணும், போன்ல நல்ல மைக் இருக்கறவங்க பேர் குடுங்க. இன்னொண்ணு, அரிசிக் கடை தராசு இன்னும் என் வீட்டு வராண்டாவுலதான் இருக்கு, கடைக்காரர் நேத்து நாலாவது தடவையா போன் பண்ணிட்டார், ஜீப் வெச்சிருக்கறவங்க யாராவது ஞாயித்துக்கிழமை வந்தா எடுத்துக் குடுத்துடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்