ஞாயிறு சந்திப்பு: பழைய பேப்பரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கமான மொட்டைமாடியில் கூடுகிறோம். இந்த முறை பென்சில், வண்ணம் எதுவும் வேண்டாம். செய்தித்தாள் கொலாஜ், அதாவது தாளைக் கிழித்து ஒட்டிப் படம் செய்யப் போகிறோம்.

முந்தாநாள் நானே ஒரு காகம் செய்து பார்த்தேன். பங்குச்சந்தைப் பக்கத்தின் பொடி எழுத்துகள் தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறம். கழுத்துக்கு அதுதான். இறக்கைக்கு ஒரு விளம்பரத்தின் கறுப்புப் பின்னணி. கால்களுக்குத் தலைப்பிலிருந்து இரண்டு ‘ட’. பசை நீர்த்துப்போனதால் பின்பக்க அச்சு ஊறித் தெரிந்து, வயிற்றில் சிமென்ட் விளம்பரம் வந்துவிட்டது! எனக்கென்னவோ அதுவும் பிடித்திருக்கிறது.

ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் 1912இல் படங்களில் காகிதம் ஒட்டத் தொடங்கியபோது, பிக்காசோ அன்றைய நாளிதழ்த் துண்டுகளையே பயன்படுத்தினார். அந்தத் தாள்கள் இன்று பழுப்பேறிவிட்டன. மரக்கூழிலுள்ள லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் அப்படித்தான் ஆகும். நம்முடையதையும் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள்.

கத்தரி வேண்டாம், கையால் கிழிப்போம். பெரும்பாலும் மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கோணல்மாணல்தான். அந்தக் கோணல் மலைக்கும் அலைக்கும் உதவும்.

மைதாப் பசை நான் காய்ச்சி வருகிறேன். ஆளுக்கு நான்கு நாளிதழ், ஓர் அட்டை, கை துடைக்கத் துணி கொண்டுவாருங்கள். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். அப்புறம், வருபவர்கள் சனி இரவுக்குள் இங்கே சொல்லிவிடுங்கள், பசை அளவுக்காக.