செயலாளர் ஆண்டறிக்கை: இந்த ஆண்டின் செடி சொர்க்கப்பறவை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மழையால் தள்ளிப்போன ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு நம் தோட்டச் சங்கத்தின் தொட்டிகளும் போயின. பரிசு வரவில்லை, சரி.

இந்த ஆண்டின் செடியான சொர்க்கப்பறவை (Bird of Paradise) பறவைத் தலை போல ஆரஞ்சும் நீலமுமாகப் பூக்கும். சென்ற பொதுக்குழுவில் பலரும் கேட்டது ஒன்றுதான்: "சொர்க்கப்பறவை வாழை மாதிரி இலை விடுகிறது, பூவைத்தான் காணோம்." தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தோம். பல வீடுகளில் செடி சில்வர் ஓக் மர நிழலில் நிற்கிறது. காப்பிக்கு அது சரி, இதற்கு ஆகாது. தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பக்கம் வெயிலில் வளர்ந்த இனம். நாளில் பாதியாவது வெயில் விழ வேண்டும்.

இன்னும் சிலர் ஆசைப்பட்டு அடிக்கடி தோண்டிப் பிரிக்கிறார்கள். கிழங்கைக் கலைத்தால் ஓரிரு வருடம் பூ கிடையாது. தூர் நெருக்கித் தொட்டியை முட்டட்டும், அப்போதுதான் நன்றாகப் பூக்கும். நடும்போதும் கிழங்கின் தலை லேசாக வெளியே தெரிய வேண்டும்.

செயல்விளக்கக் கூட்டம்தான் இந்த ஆண்டில் எனக்குப் பிடித்தது. பறவை அலகு போன்ற ஒரு மூக்குக்குள் பல பூக்கள் அடுக்கி இருக்கும். முதல் பூ வாடியதும் விரலை உள்ளே விட்டு அடுத்ததை மெல்லத் தூக்கிவிட்டோம், கொத்து புதிதாகிவிட்டது. பூவின் நாக்கு போன்ற நீல இதழை அழுத்தினால் பிரிந்து, உள்ளே ஒட்டும் மகரந்தம் தெரியும். அதன் சொந்த ஊரில் பறவை வந்து உட்கார்ந்து மகரந்தம் சேர்க்கும் வேலையைச் செய்கிறது. இங்கே நாம்தான் மகரந்தத்தைத் தொட்டு அந்த நாக்கின் நுனியில் தடவ வேண்டும். கிடைக்கும் கறுப்பு விதையின் ஆரஞ்சுக் குஞ்சத்தைப் பிய்த்து, ஓரிரு நாள் ஊறவைத்து விதைக்கலாம். பூ பார்க்க மூன்று முதல் ஐந்து வருடம் ஆகும். பொறுமை இல்லாதவர்கள் ரோஜா வைக்கலாம்.

சங்கத்துக்கென்று மொத்தமாக வாங்கிய கன்றுகளில் சில, இலையில் இதைப் போலவே இருக்கும் ஹெலிகோனியா என்ற வேறு செடியாகப் போயின. விற்றவர் மாற்றித் தர மறுத்துவிட்டார். இனி பூவோடு பார்த்துத்தான் வாங்குவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. வெள்ளைப் பூ விடும் பெரிய வகையைக் கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மாடி உயரம் போகும், சுவர் ஓரத்தில் வேண்டாம்.

பக்கக்கன்று கேட்டுப் பெயர் கொடுத்தவர்களுக்கு, தாய்ச்செடி பூத்து ஓய்ந்த பிறகே விநியோகம். புதிய நிர்வாகிகள் தேர்தல் தேநீருக்குப் பின் நடக்கும். சந்தா பாக்கி உள்ளவர்கள் அதற்குள் கட்டிவிடவும்.