பொங்கலுக்கு வருமுன் செல்விக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் பொங்கலுக்கு வருவது உறுதியானதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"தம்பியிடம் எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுகிறது, வாயைத் திறக்காமலே இருந்துவிடவா?" என்று போனில் கேட்டாய். அப்படி இருந்துவிடாதே. நீ பேசாமல் இருந்தால், அக்காவுக்கு என்மேல் கோபம் என்றுதான் எடுத்துக்கொள்வான். பேசு. பாசம் இருந்தால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். பாசம் உனக்கு நிறையவே உண்டு. அதோடு பழகிக்கொள்ள வேண்டிய சில முறைகளும் இருக்கின்றன. மதுரையில் தம்பியைப் பார்க்கும் உளவியல் ஆலோசகர் குடும்பத்தாருக்கென்று நடத்தும் வகுப்பில் நானும் அம்மாவும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவன் மனம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள். மார்ஷா லினெஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் தம்பியைப் போல உணர்ச்சிகள் கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் பிள்ளைகளைப் பற்றி மூன்று விஷயங்களைச் சொல்கிறார். நமக்கு உறைக்காத சின்ன விஷயம் அவர்களுக்கு உறைத்துவிடும். உறைத்தால் வலி அதிகமாக இருக்கும். அந்த வலி அடங்க வெகு நேரம் பிடிக்கும். மூன்றாவதைத்தான் நாம் கவனிப்பதே இல்லை. காலையில் நடந்த ஒன்றை நீயும் நானும் மதியம் மறந்துவிடுவோம். அவனுக்கு இரவிலும் அது அப்போதுதான் நடந்தது போல இருக்கும். அந்த நேரத்தில் இன்னொன்று சேர்ந்தால், முதல் வலியின் மேலேயே அது ஏறி உட்காரும். தீயில் வெந்த தோலில் விரல் படுவது போல என்று லினெஹன் சொல்வதை அம்மா வகுப்பில் கேட்டதும் கண் கலங்கிவிட்டாள்.

அவர் இதை வெளியிலிருந்து பார்த்துச் சொன்னவர் இல்லை. 17 வயதில் தான் உள்நோயாளியாக இருந்த அதே மனநல மருத்துவமனையில், 2011இல் பலர் முன்னிலையில் தன் கதையைச் சொன்னார். அவர் உருவாக்கிய சிகிச்சை முறை இன்று பல நாடுகளில் நடக்கிறது. அந்த முறையிலிருந்து, ஆலன் ஃப்ரூசெட்டி, பெரி ஹாஃப்மன் என்ற இருவர் குடும்பத்தாருக்காக 12 வாரப் பாடத்திட்டம் ஒன்றை அமைத்தார்கள். இப்படிப்பட்ட பிள்ளையோ துணையோ உள்ளவர்களே பயிற்சி பெற்று மற்றக் குடும்பங்களுக்கு அதை நடத்துகிறார்கள். எங்கள் வகுப்பிலும் அந்தப் பாடங்கள் பல இருந்தன.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தம்பி ஒரு சிநேகிதனுக்குச் செய்தி அனுப்பிவிட்டுச் சாயங்காலம் வரை பதிலுக்குக் காத்திருக்கிறான் என்று வைத்துக்கொள். "என்னை யாருக்கும் வேண்டாம்" என்கிறான். நம் வாயில் உடனே என்ன வரும்? "அவன் வேலையாக இருப்பான்டா." "இதற்குப் போய் யாராவது அழுவார்களா?" "ஆண்பிள்ளை இப்படி இருக்கலாமா?" முதல் பதிலில் தேற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணம் இருக்கிறது. ஆனாலும் மூன்றும் அவன் காதில் ஒன்றாகவே விழும்: உனக்கு வலிப்பது பொய். அது பொய்யில்லை என்று நமக்குக் காட்டத்தான் அவன் குரலை உயர்த்துகிறான். நாம் மேலும் சமாதானம் சொல்கிறோம், அவன் மேலும் உயர்த்துகிறான். பல வீடுகளில் சண்டை இப்படித்தான் வளர்கிறது.

அதற்குப் பதிலாக, "காலையிலிருந்து காத்திருக்கிறாய், ஒரு வார்த்தை வரவில்லை என்றால் மனசு கனக்கத்தான் செய்யும்" என்று சொல்லிப் பார். சொல்லிவிட்டு நிறுத்திவிடு. பின்னால் ஒரு 'ஆனால்' போட்டு அறிவுரையைத் தொடுக்காதே. அந்த 'ஆனால்' முன்னால் சொன்னதை அழித்துவிடும். அவனை யாருக்கும் வேண்டாம் என்பதை நீ ஒப்புக்கொள்ளவில்லை. அது உண்மையும் இல்லை. காத்திருந்தவனுக்கு வலித்தது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறாய். அது உண்மை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுவதுதான் இதில் கடினம். யோசனை கேட்க வேண்டும் என்று தோன்றினால் அவனே கேட்பான். கேட்காவிட்டால், "நான் ஏதாவது செய்யட்டுமா, இல்லை பக்கத்தில் இருந்தால் போதுமா?" என்று நீ கேள். பக்கத்தில் இரு என்றுதான் பெரும்பாலும் சொல்வான்.

அவன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. கோபம் வருவது அவன் கையில் இல்லை. தட்டை எறிவது அவன் கையில் இருக்கிறது. "உன் கோபம் புரிகிறது. தட்டை எறிந்தால் நான் எழுந்து போய்விடுவேன், நீ அமைதியானதும் வருவேன்" என்று சொல்லலாம். சொன்னால் அப்படியே செய்ய வேண்டும், திரும்பியும் வர வேண்டும். இப்படி வரம்பு கட்டுவதை அவன் தெளிவாக இருக்கும் நேரத்தில் பேசி முடிவு செய்ய வேண்டும். கொதிப்பின் உச்சியில் நியாயம் பேசினால் எதுவும் ஏறாது. அந்த நேரத்தில் குளிர்ந்த நீரில் முகத்தைச் சற்று அமிழ்த்தி மூச்சை அடக்கினால் இதயத் துடிப்பு குறைகிறது. உடம்பு அடங்கினால் மனமும் கொஞ்சம் பிடிக்குள் வருகிறது. இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. தம்பிக்கு அந்தத் தடை இல்லை. ஃபிரிட்ஜில் ஐஸ் எப்போதும் இருக்கும்படி அம்மா பார்த்துக்கொள்கிறாள்.

வாட்ஸ்அப்பில் அவனோடு வாதம் வேண்டாம். 'ம்', 'சரி' என்று நீ ஆபீஸ் அவசரத்தில் போடும் பதிலில் உன் குரல் அவனுக்குக் கேட்காது; கோபம்தான் தெரியும். "மீட்டிங்கில் இருக்கிறேன், எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்" என்று எழுது. எட்டு மணிக்குக் கூப்பிடு.

அம்மா அவனைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்பட்டுத்தான் கெடுக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவது உன் காதுக்கும் வந்திருக்கும். ஹாஃப்மனும் ஜில் ஹூலி என்பவரும் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறிய ஆய்வுதான். மற்றச் சில மனநோய்களில் குடும்பத்தாரின் மிதமிஞ்சிய ஒட்டுதல் நோயை மோசமாக்குவதாகத் தெரிந்திருந்தது. கடும் உணர்ச்சிக் கொந்தளிப்பு உள்ள நோயாளிகளிடமோ, அப்படி ஒட்டியிருந்த குடும்பத்தாரைக் கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள். ஆலோசகர் இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அவளை யாரும் குறை சொல்ல விடாதே.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. "நான் இல்லாமல் போனால் எல்லோருக்கும் நல்லது" என்பது போல அவன் எப்போதாவது பேசினால் பேச்சை மாற்றாதே. உயிரை விட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்டால் மனம் விட்டுச் சொல்ல அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். தோன்றுகிறது என்றால் அவனைத் தனியே விடாமல் என்னைக் கூப்பிடு. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 எந்த நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசுவார்கள். அந்த எண்ணை மாப்பிள்ளையின் போனிலும் போட்டு வை. வீட்டில் மாத்திரைகள் எல்லாம் என் பீரோவில் பூட்டித்தான் இருக்கின்றன.

பொங்கலன்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். வேலை கிடைத்ததா என்று கேட்க வேண்டாம் என்று சித்தப்பாவிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். சத்தம் தாங்காவிட்டால் காரணம் சொல்லாமல் மாடிக்குப் போய்விடலாம் என்று தம்பியோடு பேசி வைத்திருக்கிறோம். அப்படிப் போனால் யாரும் பின்னால் போய்க் கூப்பிட வேண்டாம். அரை மணி கழித்து நீ மட்டும் இரண்டு காபியோடு போ.

செல்வி, போனை வைக்குமுன் "எப்போதும் தம்பி பேச்சுதானா அப்பா" என்றாய். அது எனக்குள் இன்னும் இருக்கிறது. வீட்டில் ஒருவன் தவித்துக்கொண்டிருந்தால் எல்லோர் கண்ணும் அவன்மேல் போய்விடுகிறது. நன்றாகப் படித்து, தானே வேலை தேடி, எதற்கும் அழாமல் வளர்ந்த பிள்ளைக்கு அது வலிக்கும். நீ கேட்டது நியாயம். இதற்குமேல் நான் எதுவும் சேர்க்கப் போவதில்லை. வந்ததும் நாம் இரண்டு பேரும் மட்டும் நெல்லையப்பர் கோயில் வரை போய்வருவோம். அன்று உன்னைப் பற்றி மட்டும் பேசு, நான் கேட்கிறேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் உறுதியாகிவிட்டது என்று மாப்பிள்ளை சொன்னார். ஸ்டேஷனுக்குத் தானே வருவதாகத் தம்பி சொல்கிறான். கோச் எண்ணை எனக்கு அனுப்ப வேண்டாம், அவனுக்கே அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா