கறிக்கடை பாய் கொடுக்கிறார், கோடியில் புரள்கிறவர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் பெங்களூரு ஐபிஎல் கிரிக்கெட் அணியான ராயல் சேலஞ்சர்ஸ் கை மாறுவது பற்றி வருகிற செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். 2008-இல் 11.16 கோடி டாலருக்கு ஏலம் போன அணி அது. அணியை என்ன செய்யலாம் என்று பரிசீலிப்பதாக உரிமையாளர் நிறுவனம் 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்குத் தெரிவித்ததிலிருந்து, யார் வாங்குவார், எத்தனை ஆயிரம் கோடிக்கு வாங்குவார் என்பதுதான் டீக்கடை வரை பேச்சாக இருந்தது. சரி, வாங்குகிறவர் யாராகவும் இருக்கட்டும். அவர் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன செய்தாக வேண்டும் என்று ஒருவரும் கேட்கக் காணோம். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

அல்சூரில் தையல்கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் தைப்பது உண்டு. ஆனால் பள்ளி லீவு விட்டால் கடை முழுக்க ஜெர்சிதான். கௌதமபுரம், மர்ஃபி டவுன், ஆஸ்டின் டவுன், லிங்கராஜபுரம் என்று சுற்றுவட்டாரப் பையன்கள் எல்லாம் வருவார்கள். பெலேவுக்குச் சிலை வைத்த பேட்டை எங்கள் பக்கம். கால்பந்து இங்கே எவ்வளவு ஊறியது என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிரிக்கெட்டும் அதே அளவு உண்டு.

ஜெர்சியின் பின்பக்கம் நம்பரும் பெயரும், முன்பக்கம் நெஞ்சில் ஸ்பான்சர் பெயரும் வரும். இருபது வருஷத்துக்கு மேலாக அந்த இடத்தில் யார் யார் பெயரையெல்லாமோ ஒட்டியிருக்கிறேன். கறிக்கடை பாய், சாமியானா காண்ட்ராக்டர், தண்ணீர் கேன் போடுகிறவர், சீட்டு பிடிக்கிற அக்கா, ஆட்டோ ஸ்டாண்டு, அடுத்த தேர்தலில் நிற்க ஆசைப்படுகிற அண்ணன். எங்கள் கறிக்கடை பாய் பதினாறு ஜெர்சிக்கும் பணம் கொடுத்துவிட்டு, "பேர் சின்னதா போடுங்கம்மா, பசங்க நம்பர் பெருசா தெரியட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த ஊர்ப் பெயரை வைத்துக் கோடிகளில் சம்பாதிக்கிற ஓர் அணியின் பெயரை, 'இவர்கள் உதவியில்' என்று ஒரு தெருப் பையனின் நெஞ்சில் ஒட்டும் வேலை எனக்கு இதுவரை வந்ததே இல்லை.

ஸ்பான்சர் கிடைக்காத அணிகள் போன வருஷ ஜெர்சியையே தூக்கிக்கொண்டு வரும். அண்ணன் போட்டது தம்பிக்கு. "அக்கா, நம்பர் மட்டும் மாத்திக் குடுங்க" என்பார்கள். ஒட்டின நம்பரை உரித்தால் பசைத் தடம் துணியில் அப்படியே நிற்கும். அதனால் நான் உரிப்பதில்லை. 3-ஐ 8 ஆக்கிவிடுவேன், 1-ஐ 4 ஆக்குவேன். சில டோர்னமென்ட்டில் ஒரே அணியில் இரண்டு எட்டு ஓடும். நடுவரும் கண்டும் காணாமல் விடுவார்.

ஜெர்சியாவது எப்படியோ தேறிவிடும். இடம்தான் தேறுவதில்லை. எங்கள் பக்கத்து மாநகராட்சி மைதானம் ஒன்றுக்குச் சுற்றிலும் நடைபாதை போட்டார்கள், உடற்பயிற்சிக் கம்பிகள் நட்டார்கள், நல்ல கேட்டும் போட்டார்கள். அப்புறம் கேட்டுக்குப் பூட்டும் போட்டார்கள். காலையில் நடக்கிறவர்களுக்குத் திறக்கிறார்கள். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருகிற நேரத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிவதில்லை. பக்கத்தில் தனியார் டர்ஃப் (வாடகைக்கு விடும் செயற்கைப் புல் திடல்) இருக்கிறது, மணிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். பூ கட்டுகிறவர் மகன் அதற்கு எங்கே போவான்? விளையாட்டுத் திடல்களைக் காப்பாற்ற 1985-லேயே கர்நாடகத்தில் தனிச் சட்டம் போட்டாயிற்று. சட்டத்தைப் போட்டவர்கள் இந்தப் பூட்டுக்கு ஒரு வழி சொல்லவில்லை.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் மோசம். ஏழாம் வகுப்புவரை ஜெர்சிக்கு அளவு கொடுக்க ஆசையாக ஓடி வருவார்கள். எட்டு, ஒன்பது வரும்போது ஒவ்வொருத்தியாக நின்றுவிடுவாள். ஆர்வம் குறைந்துவிட்டது என்பதெல்லாம் சும்மா. திடலில் கழிப்பறை கிடையாது, துணி மாற்ற மறைவு கிடையாது, ஆறரை மணிக்கு மேல் விளக்கு கிடையாது. எந்த அம்மா அனுப்புவாள்? நானே அனுப்பமாட்டேன்.

இதற்கெல்லாம் அணி உரிமையாளர் ஏன் செலவு செய்ய வேண்டும், மாநகராட்சி இருக்கிறதே என்று கேட்பார்கள். மாநகராட்சியின் கடமை கடமைதான். ஐந்தாகப் பிரித்தாயிற்று, இனியாவது செய்கிறார்களா பார்ப்போம். ஆனால் அணி தன் சொந்தக் காலில் மட்டும் நிற்கவில்லை. ஊர்ப் பெயர் ஊருடையது. மேட்ச் நாளில் பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரர் ஊருடையவர். கப்பன் பார்க் பக்கம் போக்குவரத்தைத் திருப்பிவிட்டால் பஸ்ஸில் உட்கார்ந்து வேகிறவர்கள் நாம். நம் ஊர்க் கால்பந்து அணி பெங்களூரு எஃப்சி ஆடுகிற கண்டீரவா ஸ்டேடியம் அரசாங்கத்தின் சொத்து. 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் அணி வென்ற ஐபிஎல் கோப்பையைப் பார்க்கப் போய் நெரிசலில் இறந்த 11 பேரில் பெரும்பாலோர் இளவட்டங்கள். அதை வைத்து வாதம் பண்ண எனக்கு மனசு வரவில்லை. இந்த ஊர்ப் பிள்ளைகள் அணி மேல் வைத்திருக்கிற பாசத்தை மட்டும் யாரும் சந்தேகப்பட வேண்டாம்.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷ ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் எல்லா அணிகளுக்கும் பங்கு உண்டு.

'நாங்கள் அகாடமி நடத்துகிறோமே' என்பார்கள். நடத்துகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. கிரிக்கெட் அணி வருஷத்துக்கு ஒரு மேட்ச் பச்சை ஜெர்சி போட்டு மரம், செடி பற்றிப் பேசுவதும் நல்ல காரியம்தான். ஆனால் அகாடமி என்பது நூறு பிள்ளைகளில் ஒருவனைப் பொறுக்கி எடுக்கிற வேலை. நான் கேட்பது மீதித் தொண்ணூற்றொன்பது பேருக்கு. அவர்கள் யாரும் நாளைக்கு இந்திய அணிக்கு ஆடப்போவதில்லை. சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஓடியாடி, வேர்த்து, வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் போதும். அந்த இரண்டு மணி நேரம் இல்லாத பையன்கள் எந்த மூலையில் போய் உட்காருகிறார்கள் என்று எங்கள் தெருவில் கடை வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும்.

என் தம்பி மகன் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். அவன் சொன்ன விஷயம் ஒன்று. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவுப்படி, ஒரு வரம்புக்கு மேல் லாபம் சம்பாதிக்கிற கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. தொழில் நடக்கிற ஊருக்கும் சுற்றுப் பகுதிக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. விளம்பர லாபத்துக்காகச் செய்கிற ஸ்பான்சர்ஷிப் அதில் கணக்காகாது என்றும் விதி இருக்கிறதாம். ஆக, வழி இல்லாமல் இல்லை. அந்தப் பணம் எந்த ஊருக்கு, எந்த வேலைக்குப் போகிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

இது வெளிநாட்டுக்காரர்களுக்குப் புது விஷயமும் இல்லை. இங்கிலாந்தில் பிரீமியர் லீக், அவர்களுடைய கால்பந்து சங்கம், அரசாங்கம் மூன்றும் சேர்ந்து பணம் போட்டு, 2000-ஆம் ஆண்டிலிருந்து உள்ளூர்த் திடல்களைச் சீரமைக்க ஓர் அறக்கட்டளை நடத்துகிறார்கள். ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆட்டக்காரர் விலை போனால், அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்கு 5 சதவீதம் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதியே வைத்திருக்கிறது. நம் தெரு அணிகள் பதிவு செய்த கிளப்புகள் இல்லை, அந்தக் காசு நமக்கு வராது. வளர்த்த இடத்துக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் ஒத்துக்கொண்டார்கள் அல்லவா, அதைச் சொல்கிறேன்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் இந்த ஊருக்கு வெறுங்கையோடு வந்து, வியாபாரம் செய்து, இன்றைக்கு உயர் நீதிமன்றம் இருக்கிற அட்டாரா கச்சேரிக் கட்டடத்தைக் கட்டும் ஒப்பந்தம் எடுத்துச் சம்பாதித்தவர். 1873-லேயே கண்டோன்மென்ட்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக சுதந்திர இந்தியாவின் முதல் கோலைப் போட்ட சாரங்கபாணி ராமன் நம் பெங்களூர்க்காரர். 2023-இல் ரியாத்தில் கர்நாடகம் 54 வருஷத்துக்குப் பிறகு மாநில அணிகளுக்கான கால்பந்துப் போட்டியான சந்தோஷ் கோப்பையை வென்றதே, அன்று எங்கள் பக்கம் பட்டாசு வெடித்தது. ஆட்டத்துக்கு இங்கே ஒன்றும் குறைவில்லை.

நன்கொடை கேட்டால் ஒரு நாள் வந்து பந்து கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் நான் தர்மம் கேட்கவில்லை. போட்டி நடத்த அனுமதி தரும்போது அரசு எத்தனையோ நிபந்தனை போடுகிறது, இதையும் ஒரு நிபந்தனையாகப் போடட்டும். டிக்கெட்டுக்குப் பத்தே ரூபாய். டிக்கெட் விலையில் ஏற்றாமல், உரிமையாளர் பங்கிலிருந்து. 35,000 பேர் உட்கார்ந்தால் ஒரு மேட்சுக்கு மூன்றரை லட்சம். சொந்த ஊரில் ஏழு மேட்ச் என்று வைத்தால் 24 லட்சத்து 50 ஆயிரம். அவர்களுக்கு இது ஒரு ஆட்டக்காரரின் தினப்படிக் கணக்கு மாதிரி இருக்கலாம். எங்களுக்கு வருஷத்துக்குச் சில திடல்களில் கழிப்பறையும் விளக்கும் காவலாளி சம்பளமும். பணம் எந்தத் திடலுக்கு எவ்வளவு போனது என்று அந்தந்தக் கேட்டிலேயே பலகை எழுதி மாட்ட வேண்டும். அதில் கட்டின திடலை இரண்டு வருஷம் கழித்து வாடகை டர்ஃப் ஆக்கக் கூடாது, நாலு மணி முதல் ஏழு மணி வரை பிள்ளைகளுக்கு இலவசம் என்று ஒப்பந்தத்தில் வர வேண்டும். அணி எந்தக் கைக்குப் போனாலும் இந்த நிபந்தனையும் கூடவே போக வேண்டும். கால்பந்து அணிக்கும் இதே சட்டம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நிருபர்களை ஒரு வாரம் சாயங்காலம் ஐந்து மணிக்கு அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம், ஆஸ்டின் டவுன் பக்கம் அனுப்புங்கள். எந்தத் திடல் திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, எதில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை இருக்கிறது என்று பட்டியல் போட்டு வெளியிடுங்கள். ஏலச் செய்திக்குக் கொடுக்கிற இடத்தில் கால்வாசி போதும்.

இப்படிக்கு,
ஜெர்சி தைக்கும் வாசகி,
அல்சூர், பெங்களூரு.